போட்டி பிஸ்டலுக்கு ரீகாயில் ஸ்பிரிங்: எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

யூஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்க அமைப்பு), ஐபிஎஸ்சி (சர்வதேச அமைப்பு) நடத்தும் பிஸ்டல் சுடும் போட்டிகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் பிஸ்டல் வாங்கிய கையோடு கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பவுண்டு ஸ்பிரிங் போடலாம்?" பக்கத்தில் நிற்பவர் 8 என்பார், இன்னொருவர் 11 என்பார். அவரவர் பிஸ்டலுக்கு அவரவர் சொல்வது சரியாகவே இருக்கும். உங்கள் பிஸ்டலுக்கு எது சரி என்பதை நீங்கள்தான் சுட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ரீகாயில் ஸ்பிரிங்கை, அதாவது சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) முன்னால் தள்ளும் ஸ்பிரிங்கை, கடைசியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். தோட்டா, ஹேமர் ஸ்பிரிங் (பிஸ்டலின் பின்னால் இருக்கும் சுத்தியலை இயக்குவது), ஸ்லைடின் எடை மூன்றும் நிலையான பிறகுதான் ரீகாயில் ஸ்பிரிங்கின் பவுண்டு எண்ணுக்கு ஒரு பொருள் வரும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான்.

1. பெட்டியில் இருக்கும் எண் எதைச் சொல்கிறது

ஸ்பிரிங் பாக்கெட்டில் "10 பவுண்டு" என்று போட்டிருந்தால், குறிப்பிட்ட ஒரு நீளத்துக்கு அது அழுத்தப்படும்போது கொடுக்கும் விசை 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ என்று அர்த்தம். அந்த நீளம் பிஸ்டலுக்குப் பிஸ்டல் வேறு. 5 அங்குலக் குழல் கொண்ட 1911 வகைப் பிஸ்டலுக்கு .45 தோட்டாவில் வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. அதைவிடக் குட்டையான கமாண்டர் அளவுக்கு 18. ஸ்லைடு குட்டையாகும்போது ஸ்பிரிங்குக்குக் கிடைக்கும் இடமும் மாறிவிடுகிறது. அதனால் சிஇசட் பிஸ்டல் வைத்திருப்பவர் சொல்லும் 10-ஐ 2011 (1911 வடிவத்திலேயே அதிகத் தோட்டா பிடிக்கும் பிஸ்டல்) வைத்திருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்பிரிங்குக்கு வேலை இரண்டு. பின்னால் போகும் ஸ்லைடின் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது ஒன்று. அப்படி வாங்கிய சக்தியைச் சேமித்து வைத்து, ஸ்லைடை முன்னால் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிப் பூட்ட வைப்பது இன்னொன்று. மொத்தப் பின்னுதைப்பை எந்த ஸ்பிரிங்காலும் குறைக்க முடியாது. அது எப்போது, எப்படி உங்கள் கைக்கு வந்து சேர்கிறது என்பது மட்டுமே மாறும்.

கனமான ஸ்பிரிங் போட்டால் ஸ்லைடு பின்னால் போய் ஃப்ரேமில் (கைப்பிடி உள்ள கீழ்ப்பகுதி) இடிப்பது மெதுவாக இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது வேகமாக வந்து முன்னால் இடித்துக் குழல் முனையைக் கீழே இழுத்துவிடும். லேசான ஸ்பிரிங்கில் இது அப்படியே மாறும்: பின்னால் பலமாக இடிக்கும், முன்னால் மெதுவாக வந்து சேரும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் கைக்கு ஒத்துவரும் ஓர் இடத்தைத்தான் தேடப் போகிறோம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேகம் அளக்கும் குரோனோகிராஃப் கட்டாயம் வேண்டும். சொந்தமாக இல்லாவிட்டால் கிளப்பில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் தோட்டாவைப் பற்றி நீங்கள் நினைப்பதெல்லாம் ஊகம்தான்.

1 பவுண்டு இடைவெளியில் நான்கைந்து ஸ்பிரிங்குகள், எல்லாம் ஒரே தயாரிப்பாளருடையது. ஒருவருடைய 10-உம் இன்னொருவருடைய 10-உம் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். பாக்கெட்டைப் பிரித்தவுடன் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு எண்ணை எழுதிவிடுங்கள். வெளியே எடுத்து மேசையில் வைத்தபின் 9-க்கும் 10-க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது.

பிஸ்டலோடு வந்த ஸ்பிரிங்கைப் பத்திரமாக வையுங்கள். எங்காவது சிக்கிக்கொண்டால் திரும்பிப் போகும் இடம் அதுதான். இவை தவிர வெடிக்காத டம்மி தோட்டாக்கள், நீங்கள் போட்டியில் பயன்படுத்தும் அத்தனை மேகசின்கள், ஒரு நோட்டு, கண்ணாடி, காது மூடி. கண்ணாடி ரேஞ்சுக்கு மட்டுமல்ல, மேசையில் ஸ்பிரிங் கழற்றும்போதும் போட வேண்டும். 1911-இல் ஸ்பிரிங்கின் முன்மூடியான பிளக்கை அழுத்தி, குழல் முனையைச் சுற்றியிருக்கும் புஷிங்கைத் திருப்பும்போது விரல் வழுக்கினால் பிளக் நேராக முகத்துக்கு வரும்.

நீங்கள் போட்டியிடும் பிரிவின் (பிஸ்டல் வகையை வைத்துப் பிரிப்பது) விதிப்புத்தகத்தில் ஸ்பிரிங் மாற்ற அனுமதி உண்டா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

3. தோட்டாவை முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்லைடை ஓட்டுவது தோட்டா. அதனால் தோட்டா மாறினால் ஸ்பிரிங் கணக்கும் மாறும். புல்லட்டின் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் குண்டு) எடையை கிரெய்ன் என்ற சிறு அலகிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர். இந்த எண்ணை வைத்துத் தோட்டாவை மைனர், மேஜர் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். மைனருக்கு 125 வேண்டும். மேஜருக்கு யூஎஸ்பிஎஸ்ஏ-வில் 165. ஐபிஎஸ்சி ஸ்டாண்டர்டு பிரிவில் 170, ஓப்பனில் 160.

124 கிரெய்ன் புல்லட் 1060 அடியில் போனால் 131.4. 147 கிரெய்ன் 890 அடியில் 130.8. இரண்டும் மைனருக்குப் போதும். 125-ஐ ஒட்டி நிற்காமல் 129, 130 அளவில் வைப்பது நல்லது. போட்டியில் அளக்கும்போது குளிரிலோ வேறு கருவியிலோ எண் இறங்கலாம். 125-க்குக் கீழே போனால் உங்கள் மதிப்பெண்ணே கணக்கில் வராது.

பிஸ்டலோடு வந்த ஸ்பிரிங் ஏன் பலருக்குக் கனமாகத் தெரிகிறது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. .45-இல் 230 கிரெய்ன் புல்லட்டை 850 அடியில் அனுப்பும் வழக்கமான தோட்டாவின் பவர் ஃபேக்டர் 195 தாண்டும். 16 பவுண்டு அதற்கானது. போட்டிக்காக அதே புல்லட்டை 740 அடிக்கு இறக்கி 170-இல் சுடுகிறவருக்கு 16 பவுண்டு அதிகம். ஸ்லைடை முழுதாகப் பின்னால் தள்ளப் போதுமான உந்துதல் அங்கே இல்லை.

கடையில் வாங்கும் தோட்டாவைச் சுடுகிறவர்கள் ஒரே வகையை, ஒரே எடையை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு 115 கிரெய்ன், போட்டிக்கு 147 என்று மாற்றி மாற்றிச் சுட்டுக்கொண்டே ஸ்பிரிங் தேடினால் முடிவு வராது.

4. அடுத்து ஹேமர் ஸ்பிரிங், டாட், மேகசின்

ஸ்லைடு பின்னால் போகும்போது ஹேமரையும் சாய்த்துக்கொண்டுதான் போகிறது. அதனால் ஹேமர் ஸ்பிரிங்கும் ஒரு தடைதான். 1911-இல் பழைய அளவு 23 பவுண்டு; போட்டியாளர்கள் பலர் 19, 17 என்று இறங்குகிறார்கள். ட்ரிகர் லேசாக வேண்டும் என்று அதை மாற்றினாலே ஸ்லைடு திறக்கும் வேகம் கூடிவிடும். ரீகாயில் ஸ்பிரிங்கைத் தேர்ந்த பிறகு ஹேமர் ஸ்பிரிங்கை மாற்றினால் முதல் வேலை வீண்.

ஸ்லைடின் மேல் ரெட் டாட் (குறியைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் சைட்) பொருத்தியிருந்தால் ஸ்லைடின் எடை கூடியிருக்கும். அதன் ஓட்டம் கொஞ்சம் மெதுவாகும். டாட் இல்லாதபோது சரியாக இருந்த ஸ்பிரிங் இப்போதும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், ஸ்லைடு வேகமாக மூடும்போது அடுத்த தோட்டா மேலே வந்து நிற்க நேரம் கிடைக்காது. அந்தக் கோளாறு பார்ப்பதற்கு ரீகாயில் ஸ்பிரிங் கோளாறு போலவே இருக்கும். மேகசின்களுக்கு எண் எழுதி, சந்தேகமானவற்றை ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

5. எங்கிருந்து தொடங்குவது

கீழே சொல்வது தொடங்கும் இடம் மட்டுமே. எப்போதும் கனமான பக்கத்திலிருந்து லேசான பக்கம் போங்கள். கனமாக இருந்தால் பிஸ்டல் சிக்கிக்கொண்டு உங்களுக்குச் சொல்லிவிடும். அளவுக்கு மீறி லேசாக இருந்தால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே ஃப்ரேமை அடித்துக்கொண்டிருக்கும்.

5 அங்குல 1911 அல்லது 2011, 9 மி.மீ. மைனர்: 10-இல் தொடங்கி 9, 8.

அதே பிஸ்டல் .40 மேஜர்: 13-இல் தொடங்கி 12.

1911 .45, பவர் ஃபேக்டர் 170 அளவில்: 15-இல் தொடங்கி 14, 13.

சிஇசட் ஷேடோ 2, மைனர்: 11-இல் தொடங்கி 10, 9.

பெரெட்டா 92: வழக்கமானது 13. அதிலிருந்து 12, 11.

க்ளாக் 17, 34: வழக்கமானது 17. அதிலிருந்து 15. க்ளாக்கில் 13-க்கு இறங்குவதற்கு முன் அடுத்த பகுதியில் வரும் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். 4ஆம், 5ஆம் தலைமுறை க்ளாக்கில் இரட்டை ஸ்பிரிங் இருப்பதால், அந்தத் தலைமுறைக்கென்றே செய்த கைடு ராடு (ஸ்பிரிங்கைக் கோர்க்கும் கம்பி) வாங்க வேண்டும்.

6. சுடுவதற்கு முன் மேசையில் மூன்று சோதனைகள்

மேகசினைக் கழற்றி, சேம்பரை (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, காலி என்று உறுதி செய்த பிறகே இவற்றைத் தொடங்குங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

முதலாவது, ஸ்லைடு முழுத் தூரம் போகிறதா? ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு கைடு ராடை மட்டும் வைத்து ஸ்லைடைப் பின்னால் இழுங்கள். அது நிற்கும் இடத்தில் ஃப்ரேமில் ஒட்டிய டேப்பில் ஒரு கோடு போடுங்கள். இப்போது ஸ்பிரிங்கைப் போட்டு மறுபடி இழுங்கள். அதே கோட்டுக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கின்றன. அந்த ஸ்பிரிங் உங்கள் பிஸ்டலுக்கானது அல்ல. ஃப்ரேமைக் காக்க ரப்பர் பஃபர் போட்டிருப்பவர்கள் அதையும் வைத்தே பாருங்கள். பஃபரின் தடிமன் அளவுக்கு ஓட்டம் குறையும். சில பிஸ்டல்களில் அந்தக் குறைவே கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு நிற்காமல் போகக் காரணமாகிவிடும்.

இரண்டாவது, ஸ்லைடு தானாக மூடுகிறதா? குழலை மேல்நோக்கிப் பிடித்து ஸ்லைடைக் கையோடு மெதுவாக முன்னால் விடுங்கள். கடைசி சில மில்லிமீட்டரில் தயங்காமல் முழுதாகப் பூட்ட வேண்டும்.

மூன்றாவது, க்ளாக் போன்ற ஸ்ட்ரைக்கர் வகைக்கு (ஹேமர் இல்லாமல் ஊசியே ஸ்பிரிங்கால் பாயும் வகை) மட்டும். ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் ஸ்லைடைப் பின்னால் இழுக்கப் பார்க்கும், ரீகாயில் ஸ்பிரிங் முன்னால் தள்ளும். ரீகாயில் ஸ்பிரிங் மிகவும் லேசாகிவிட்டால் ட்ரிகரை அழுத்தத் தொடங்கும்போதே ஸ்லைடு கொஞ்சம் திறந்துகொள்ளும். குழலை மேல்நோக்கிப் பிடித்து, ட்ரிகரை அழுத்திய நிலையிலேயே வைத்துக்கொண்டு, ஸ்லைடை இழுத்து மெதுவாக முன்னால் விடுங்கள். முழுதாக மூடாமல் வழியில் நின்றால் ஒன்று ரீகாயில் ஸ்பிரிங்கைக் கனமாக்க வேண்டும், இல்லை ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை லேசாக்க வேண்டும். இதைத் தாண்டாத பிஸ்டலை ரேஞ்சுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

7. ரேஞ்சில் முதல் வேலை: சிக்காமல் ஓடுகிறதா

டாட் எப்படி நகர்கிறது, எவ்வளவு வேகமாகச் சுடலாம் என்பதெல்லாம் பிறகு. முதலில் பிஸ்டல் ஓட வேண்டும்.

மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். ஸ்லைடு பின்னால் நிற்க வேண்டும். இதை எல்லா மேகசினிலும் செய்யுங்கள். அப்புறம் மேகசினை முழுதாக நிரப்பி முதல் மூன்று தோட்டாக்களைக் கவனியுங்கள். நிரம்பிய மேகசின் மேல் தோட்டாவை ஸ்லைடின் அடியில் அழுத்திப் பிடிப்பதால், ஸ்லைடுக்கு அதிகத் தடை அப்போதுதான்.

பிறகு ஒற்றைக் கையால், அதுவும் பலவீனமான கையால் சுடுங்கள். போட்டியில் அப்படிச் சுட வேண்டிய கட்டம் வரும். பிடி தளர்ந்தால் ஃப்ரேமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைடு ஓட வேண்டிய தூரம் குறையும். இரண்டு கையில் அழகாக ஓடிய கனமான ஸ்பிரிங் இங்கே மாட்டிக்கொள்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

காலித் தோட்டா விழும் இடத்தையும் பாருங்கள். காலடியிலேயே சொத்தென்று விழுந்தால் ஸ்பிரிங் கனம் என்று சந்தேகப்படலாம். வெகுதூரம் பறந்தால் லேசு என்று சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான்: காலித் தோட்டாவை வெளியே தட்டும் எஜெக்டரின் வடிவமும், அதைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கமும் இதை மாற்றும்.

8. டாட் எங்கே திரும்பி வருகிறது

என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அவசரமே வேண்டாம்.

10 மீட்டரில் சின்ன இலக்கு ஒன்றை வையுங்கள். ஒரு தோட்டா சுட்டுவிட்டு, எதுவும் செய்யாமல், பிடியை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டு டாட்டைப் பாருங்கள். அது மேலே எழும்பி, இறங்கி, எங்கே வந்து நிற்கிறது? குறி வைத்த இடத்திலேயே நின்றால் ஸ்பிரிங் பொருந்துகிறது. குறிக்குக் கீழே முங்கி மறுபடி ஏறினால் ஸ்பிரிங் கனம். மேலேயே தங்கி, மெதுவாக இறங்கி, அல்லது ஆடிக்கொண்டே வந்து சேர்ந்தால் லேசு. சாதாரண சைட் உள்ளவர்கள் முன் சைட்டின் மேல் விளிம்பைப் பார்த்தால் இதே விஷயம் தெரியும். கண்ணை இமைக்கிறவர்களுக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு இரண்டிரண்டாக வேகமாகச் சுடுங்கள். இரண்டாவது ஓட்டை தொடர்ந்து கீழே விழுகிறதா, மேலே விழுகிறதா என்று நோட்டில் எழுதுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டாவது குண்டு கீழே விழுவதற்கு ஸ்பிரிங் காரணமாக இருக்கலாம். பின்னுதைப்பை எதிர்பார்த்து நீங்களே பிஸ்டலைக் கீழே அமுக்குவதும் காரணமாக இருக்கலாம். நண்பரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் மேகசினுக்குள் டம்மி தோட்டா ஒன்றைக் கலக்கச் சொல்லுங்கள். டம்மி வந்த இடத்தில் குழல் முனை குனிந்தால் அது உங்கள் கை. எந்த ஸ்பிரிங்காலும் அதைத் திருத்த முடியாது. டம்மியில் அசையாமல் இருந்து, நிஜத் தோட்டாவில் மட்டும் டாட் கீழே முங்கினால் ஸ்பிரிங்கை ஒரு பவுண்டு குறையுங்கள்.

முடிந்தால் ஸ்பிரிங்கையும் நண்பரே மாற்றிப் போடட்டும், எண்ணைச் சொல்லாமல். 8 போட்டிருக்கிறோம் என்று தெரிந்தாலே பிஸ்டல் மென்மையாக இருப்பதாக மனசு சொல்லிவிடும். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் ஒரு மேகசினாவது சுட்டு, டாட் நின்ற இடத்தை மட்டும் எழுதுங்கள். எண்ணைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.

டைமரை இதற்குப் பிறகு எடுங்கள். 7 கெஜத்தில் ஆறு தோட்டாக்களைத் தொடர்ந்து சுடும் பில் டிரில் இதற்கு நன்றாகப் பயன்படும். நேரத்தோடு ஆறு ஓட்டைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்பதையும் பாருங்கள். நேரம் ஒன்றாக இருந்தால் நெருக்கமான குழு விழும் ஸ்பிரிங்கை எடுங்கள். கைக்கு மென்மையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

9. சிக்கினால் எதைப் பார்ப்பது

காலித் தோட்டா வெளியேறாமல் நிமிர்ந்து மாட்டிக்கொள்வது, கடைசியில் ஸ்லைடு நிற்காதது: ஸ்லைடு முழுத் தூரம் போகவில்லை. ஸ்பிரிங் கனம், அல்லது தோட்டா பலவீனம், அல்லது பிடி தளர்வு. பெருவிரல் ஸ்லைடு ஸ்டாப்பின் மேல் அழுத்திக்கொண்டிருந்தாலும் ஸ்லைடு நிற்காது. அதை முதலில் பாருங்கள்.

கடைசி ஓரிரு மில்லிமீட்டர் மூடாமல் நிற்பது: ஸ்பிரிங் லேசு, அல்லது சேம்பர் அழுக்கு, அல்லது தோட்டாவின் அளவு சரியில்லை. வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்கள் அளவு பார்க்கும் கேஜில் போட்டுப் பாருங்கள்.

புல்லட்டின் மூக்கு மேல்நோக்கி மாட்டுவது, அல்லது காலி சேம்பரில் ஸ்லைடு மூடிவிடுவது: இங்கேதான் பலர் தவறான பக்கம் போகிறார்கள். எங்கள் ரேஞ்சில் ஒரு புதியவரின் 2011 இப்படிக் காலியாக மூடிக்கொண்டே இருந்தது. ஸ்பிரிங் பலம் போதவில்லை என்று அவர் ஒவ்வொரு பவுண்டாக ஏற்றிக்கொண்டே போனார். கோளாறும் கூடிக்கொண்டே போனது. மேகசின்களைத் தரையில் வரிசையாக வைத்து எண் போட்டுச் சுட்டபோது, சிக்கியதெல்லாம் இரண்டே மேகசின்களில். தளர்ந்த மேகசின் ஸ்பிரிங்கை மாற்றியதும், அவர் முதலில் போட்டிருந்த ரீகாயில் ஸ்பிரிங்கே ஒழுங்காக ஓடியது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்பிரிங், தோட்டா, மேகசின் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று: ஸ்பிரிங்கின் சுற்றை வெட்டி லேசாக்குவதை விட்டுவிடுங்கள். ஸ்லைடு மூடிய நிலையில் அதைப் பூட்டி வைத்திருக்கும் ஆரம்ப அழுத்தம் முதலில் போய்விடும். புது ஸ்பிரிங் விலை அப்படியொன்றும் பெரிதல்ல.

10. முடிவு செய்வதும் பராமரிப்பதும்

ஓடக்கூடிய மிக லேசான ஸ்பிரிங்கைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், சரி. அதைப் போடாதீர்கள். அதைவிட ஒரு பவுண்டு கனமானதைப் போடுங்கள். துடைத்த பிஸ்டலில், நல்ல வெயிலில் ஓடிய ஸ்பிரிங் அழுக்கேறிய பிஸ்டலில், கிரீஸ் கெட்டியாகும் குளிரில் தடுமாறும். போட்டியில் ஒரு சிக்கலுக்குப் போகும் இரண்டு மூன்று விநாடிகளை எந்த மென்மையும் ஈடுகட்டாது.

தேர்ந்தெடுத்த ஸ்பிரிங்கோடு, துடைக்காமல், குறைந்தது 200 தோட்டா சுடுங்கள். ஒரு சிக்கலும் வராவிட்டால் அதே எண்ணில் இன்னும் இரண்டு வாங்கி ரேஞ்சுப் பையில் போடுங்கள். போட்டிக்கு முந்தின நாள் புது எண்ணை முயற்சி செய்ய வேண்டாம்.

ஸ்பிரிங் காலப்போக்கில் தளரும். 5 அங்குல 1911-க்கு 3000 முதல் 5000 தோட்டாவுக்குள் மாற்றுவது வழக்கம். குட்டைப் பிஸ்டல்களிலும் ஓப்பன் பிஸ்டல்களிலும் அதைவிடச் சீக்கிரம். புது ஸ்பிரிங்கின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் குட்டையானது தெரியும். நீளம் மட்டும் போதாது என்று நினைப்பவர்கள் கிச்சன் தராசின் மேல் ஒரு ராடில் ஸ்பிரிங்கைக் கோர்த்து நிறுத்தி, ராடில் போட்ட ஒரே கோடு வரை வாஷரால் அழுத்தி, புதியதையும் பழையதையும் ஒப்பிடலாம். அந்தக் கோட்டில் வரும் எண் பாக்கெட்டில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேண்டும். மாற்றிய தேதியையும் தோட்டா எண்ணிக்கையையும் நோட்டில் எழுதிவையுங்கள். புல்லட் எடை, ஹேமர் ஸ்பிரிங், டாட் இவற்றில் எது மாறினாலும் 5ஆம் பகுதிக்குத் திரும்பி வந்து அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.